காத்திருப்போரின் ஹக்கு

வேலைக்குத் தாமதமாக வருவது பாவமாகுமா என்று கேட்டால், "மேலதிகாரி பொறுத்துக்கொண்டால் தீர்ந்தது" என்று பலரும் கூறிவிடுவர். மருத்துவமனை, முதியோர் இல்லம், குழந்தைகள் காப்பகம் போன்ற சேவை நிலையங்களில் இவ்விடை செல்லுமா? சற்றே சிந்திப்போமாக.

இரவு முறை பார்த்த நர்ஸ், மாற்று ஆள் வரும்வரை நோயாளியை விட்டு அகல முடியாது. அடுத்தவர் அரைமணி நேரம் பிந்தினால், அது களைத்துப்போன அச்சகோதரியின் உறக்கத்திலிருந்து எடுக்கப்பட்டதாகும். தானே எழ இயலாத முதியவருக்கோ, அந்த அரைமணி ஈரப் படுக்கையில் கழிகிறது. அடியார்களின் ஹக்கில் செய்த குறையை, குறைக்கு ஆளானவரே மன்னிக்க வேண்டும் என்பது நாம் அறிந்த சட்டம். அவ்வாறிருக்க, அதிகாரி மன்னிப்பது எதனை? நிர்வாகத்திற்குச் சேரவேண்டியதை மட்டுமே!

இராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்தில் நடந்ததைக் கேளுங்கள். கிராமச் சுகாதார நிலையங்களின் நர்சுகள் ஒழுங்காக வருவதற்காக, 2006-இல் அரசு நிர்வாகமும் சேவா மந்திர் என்னும் தொண்டு நிறுவனமும் நேரம் பதியும் இயந்திரங்களை வைத்தன. வராதோருக்குச் சம்பளப் பிடித்தமும் உண்டு. தொடக்கத்தில் வருகை நன்கு உயர்ந்தது. பின்னர் "விலக்கு நாட்கள்" பெருகின. நிர்வாகமும் அவற்றை அனுமதித்தது. 18 மாதங்களில் திட்டம் முற்றிலும் பயனற்றுப் போயிற்றென, அபிஜித் பானர்ஜி முதலிய பொருளியலறிஞர்கள் 2008-இல் எழுதினர். பூட்டிய கதவின் முன் நின்று திரும்பிய கர்ப்பிணியின் ஹக்கை, அவளைக் கேளாமலே பிறர் விட்டுக்கொடுத்தனர்.

ஆயினும் பிந்தி வருபவரை மட்டும் பழிப்பது நீதியாகாது. முதல் பஸ்ஸே ஆறரை மணிக்கு வரும் ஊரிலிருந்து ஒருவரை ஆறு மணிக்கு வரச்சொல்லும் நிர்வாகமும் அக்குறையில் பங்காளியே. முறை நேரத்தைப் பஸ் நேரத்துடன் பொருத்துவதும், பொறுப்பு மாற்றிக்கொள்ளக் கால்மணி நேரம் ஒதுக்குவதும், அவசரத்திற்கு மாற்று ஆள் வைப்பதும் நிர்வாகத்தின் கடமைகள்.

இவ்வளவும் செய்யப்பட்ட பின்னரும் பிந்துகிறவர், அதிகாரியின் அறைக்குச் செல்லுமுன், காத்திருந்தவரிடம் சென்று மன்னிப்புக் கேட்கட்டும். தம்மால் வாடிய முகத்தை ஒருமுறை நேரில் கண்டவர், மறுநாள் வீட்டைவிட்டுச் சற்று முன்னதாகவே புறப்படுவார். சம்பளத்துடன் நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது பிறருடைய நேரம் என்னும் அமானிதம் என்பதை மறவாதிருப்போமாக!