மணமும் மமதையும்

"சமத்துவம் பேசுகிறது வாய், சட்டையிலோ சீமான் வீட்டு வாசனை வீசுகிறது! இது முறையா?" என்று கேட்கிறார் ஒரு தோழர். "மணமென்றும் சுவையென்றும் மயங்காதே, எல்லாம் மாயை, புலனை அடக்கு, பேரின்பம் கிட்டும்" என்கிறார் புராணம் படித்த பெரியவர். இருவரும் வெறுப்பது ஒரே குப்பியைத்தான், காரணந்தான் வேறு.

பெரியவருக்கு விடை சுருக்கமானது. மூக்கின் இன்பம் மாயையென்றால், அகிலும் சந்தனமும் சாம்பிராணியும் நாள்தோறும் புகைவது எவர் மூக்குக்காக? தோழரின் கேள்வியோ அப்படித் தட்டிவிடத் தக்கதன்று. அவர் பசித்த வயிறுகளை எண்ணிக் கேட்கிறார். ஆராய்ந்து விடை சொல்ல நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆராய்ச்சிக்கு ஒரு பொருள் வேண்டும். உலகறிந்ததும் நமக்கு விருப்பமானதுமான ஒன்றையே எடுத்துக்கொள்வோம்: ஷனேல் நம்பர் 5. அது 1921ஆம் ஆண்டில் பிரான்சிலே வெளிவந்தது. உடை வடிவமைப்பிலே பெயர் பெற்ற கேப்ரியல் ஷனேலுக்காக, மாஸ்கோவில் பிறந்த எர்னஸ்ட் போ என்னும் நறுமண வல்லுநர் பல கலவைகளை ஆக்கி எண்ணிட்டு வைத்தார். ஐந்தாம் எண்ணை அம்மையார் தேர்ந்தெடுத்தார், எண்ணே பெயராயிற்று. மலரின் சாற்றோடு, ஆய்வுக்கூடத்திலே ஆக்கிய ஆல்டிஹைடு என்னும் பொருள்களையும் தாராளமாகச் சேர்த்ததே அதன் புதுமை.

மணிக்கட்டிலே ஒரு துளி இட்டுப் பாருங்கள். முதலில், வெளுத்து உலர்ந்த துணியின் துப்புரவும் நார்த்தை இனப் பூவின் குளிர்ச்சியும் பளிச்சென எழும். சிறிது நேரத்தில் அவை அகல, பிச்சியும் ரோஜாவும் நெஞ்சை நிறைக்கும். மாலையிலே, சட்டைக் கையின் ஓரத்தில், சந்தனமும் வெட்டிவேரும் தங்கி நிற்கும். வெட்டிவேர்! நம் தமிழ்ச் சொல்லே கடல் கடந்து, பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் அப்பெயரோடே குடியேறியிருக்கிறது. இம்மாற்றம் மந்திரமன்று. எளிதில் ஆவியாகும் மூலக்கூறுகள் முதலில் பறக்கின்றன. கனத்தவை காத்திருக்கின்றன, அவ்வளவே. காரணம் தெரிந்துவிட்டதால் களிப்புக் குறைந்ததா? இல்லை, கூடிற்று! நாளெல்லாம் சுண்ணக்கட்டித் தூளிலே நின்று களைத்த நமக்கு, அந்த ஒரு துளி, "நீ உழைக்கும் எந்திரமல்ல, உணரும் மனிதன்" என்று சொல்வது போலிருக்கிறது. இந்த இன்பத்திலே குற்றமில்லை. குறுகி நிற்கத் தேவையுமில்லை.

ஆனால், ஒன்று கவனிக்க வேண்டும். பூசிய சிறிது நேரத்தில், அம்மணம் பூசியவருக்கே தெரியாமற் போகிறது. மாறாது தொடரும் மணத்தை உணரும் ஆற்றல் விரைவிலே மங்கிவிடுகிறது; புதிதாக எதிரே வருபவர் மூக்கோ அதை உடனே அறிகிறது. இங்கேதான் நுழைகிறது மமதை! தனக்கே தெரியாத மணத்தை மேலும் மேலும் பூசுகிறானே மனிதன், எதற்காக? "வருபவன் யாரென்று தெரிகிறதா, வழிவிடு" என்று ஊருக்கு அறிவிக்கவா? அப்படியானால் அவன் வாங்கியது மணமன்று, உயர்வு. உயர்வு வேண்டுமென்றால், அதற்குக் கீழே ஒருவன் இருந்தாக வேண்டுமே!

அந்த ஒருவனை உலகம் மூக்காலேயே அடையாளம் கண்டு வந்திருக்கிறது. உழைக்கும் வகுப்பார் நாற்றமெடுப்பவர் என்ற எண்ணத்தை, தம் போன்ற நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இளமையிலேயே ஊட்டினார்கள் என்று, ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1937இல் வெளிவந்த நூலொன்றிலே எழுதினார். 2019இல் வந்த 'பாரசைட்' என்னும் கொரியத் திரைப்படத்திலே, ஏழையின் வாடை தாளாமல் சீமான் மூக்கைப் பிடிக்கும் ஒரு கணம், கொலையிலே கொண்டுபோய் விடுகிறது. இங்கிலாந்தும் கொரியாவும் எதற்கு? சாக்கடை சுத்தம் செய்பவரின் பிள்ளை வந்து அமர்ந்தால், விலகி உட்காரும் பிஞ்சுகள் நம் வகுப்பறைகளிலே இல்லையா? எந்தப் பாடப்புத்தகத்திலே படித்தன அவை அந்தப் பாடத்தை?

மமதைக்கு மறுப்பை வெளியே தேட வேண்டியதில்லை, குப்பிக்குள்ளேயே இருக்கிறது. பிச்சிப்பூவுக்கு அதன் மயக்கும் மணத்தைத் தரும் பொருள்களிலே ஒன்று இண்டோல். மலத்திலும் இருப்பது அதே இண்டோல்! மிகுந்தால் நாற்றம், மிகச் சிறிதானால் நறுமணம். புனுகு எங்கிருந்து வந்தது? புனுகுப்பூனையின் வாலடிச் சுரப்பியிலிருந்து. அம்பர்? திமிங்கிலத்தின் குடலிலிருந்து. வாசனைத் தொழிலின் தலைநகரெனப் புகழ்பெற்ற பிரான்சின் கிராஸ் நகரம், முதலிலே தோல் பதனிடுவோர் ஊர். தோலின் நாற்றத்தை மறைக்கக் கையுறைக்கு மணமூட்டப் போய், மணமே அவ்வூரின் தொழிலாயிற்று. ஆக, தூய்மை என்று ஒன்றும், தீட்டு என்று ஒன்றும் பொருளிலே பிறப்பால் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. நுகரும் கருவியிலும் மேல் கீழ் இல்லை. லிண்டா பக், ரிச்சர்டு ஆக்சல் ஆகிய இருவர் 1991இல் வெளியிட்டு, 2004இல் நோபல் பரிசு பெற்ற ஆராய்ச்சியின் வழியே வளர்ந்த அறிவு சொல்கிறது: மணமறிய மனிதனுக்கு ஏறத்தாழ 400 வகை ஏற்பிகள் உண்டு. சீமானுக்கெனத் தனி மூக்கை இயற்கை படைக்கவில்லை.

அடுத்து, அந்தக் குப்பியின் மேல் ஒட்டிய பெயரைப் பார்ப்போம். கலந்தவர் எர்னஸ்ட் போ, பெயரோ ஷனேல். 30 மில்லி சாற்றுக்கு ஆயிரம் பிச்சிப்பூ என்கிறது நிறுவனம். ஒரு கிலோ பூவுக்கு எட்டாயிரம் போல வேண்டும். விடியலிலே குனிந்து ஒவ்வொன்றாகப் பறிக்கும் கைகளின் பெயர் எந்தக் குப்பியிலே இருக்கிறது? 1924இல் ஏற்பட்ட நிறுவனத்திலே, 70 விழுக்காடு வெர்ட்டைமர் உடன்பிறந்தாருக்கு, 10 விழுக்காடே ஷனேலுக்கு. 1941இல், ஜெர்மானியர் பிடியிலே பிரான்சு கிடந்தபோது, யூதரின் சொத்தைப் பறிக்கும் இனவெறிச் சட்டத்தைக் காட்டி நிறுவனத்தைத் தம் கைக்குக் கொண்டுவர அம்மையார் முயன்றார். முயற்சி பலிக்கவில்லை, வெர்ட்டைமர்கள் முன்பே பங்குகளை வேறொருவர் பெயருக்கு மாற்றி வைத்திருந்தனர். இதற்காகப் பூவைச் சபிக்க வேண்டுமா? வேண்டாம். பூ எந்த இனத்தையும் வெறுத்ததில்லை. ஆனால், பெயரைக் கண்டு பூரித்துப் புளகாங்கிதம் அடைவோர், எதைக் கண்டு பூரிக்கிறோம் என்றாவது அறிந்திருக்க வேண்டாமா?

தோழரே, இப்போது நும் கேள்விக்கு விடை. மணத்தை விரும்புவது சமத்துவத்துக்குத் துரோகமன்று. கூழுக்குப் போராடுவோருக்குப் பூ வேண்டாமென்று விதித்தால், அழகையும் இன்பத்தையும் சீமான்களுக்கே பட்டா எழுதிக் கொடுத்தவராவோம். ஆனால், கடன் வாங்கியேனும் குப்பி வாங்கும் பகட்டுக்கும், அடுத்தவர் வியர்வைக்கு மூக்கைச் சுளிக்கும் ஆணவத்துக்கும் நாம் வக்காலத்து வாங்கவில்லை.

பிரித்தறிய ஓர் உரைகல் உண்டு. நமக்கு விருப்பமான இதே மணம், நாளை காசில்லாமல் கிடைத்து, தெருக்கூட்டும் தோழர் முதல் தேயிலை பறிக்கும் தாய் வரை எல்லார் மேனியிலும் வீசுமானால், அப்போதும் அதை நாம் விரும்புவோமா? "ஆம், இன்னும் மகிழ்ச்சியோடு" என்று உள்ளம் உரைத்தால், நாம் நேசிப்பது மணத்தை. "பிறகு அதிலே என்ன பெருமை?" என்று முணுமுணுத்தால், நாம் இத்தனை நாளும் பூசி வந்தது மணத்தையன்று, மமதையை!

குப்பியைத் திறக்கும் ஒவ்வொரு நாளும் இக்கேள்வியை நம்மையே நாம் கேட்போம். உழைப்பின் வியர்வையும் பூவின் மணமும் ஒரே மேனியில் உறவாடும் நாளே நாம் வேண்டும் நாள்.