மெத்தைமேல் ஒரு சின்ன அறை



2 இராஜாக்கள் 4-ம் அதிகாரத்தில் வரும் சூனேம் ஊர் ஸ்திரீ வசதியுள்ளவள். ஆனாலும் எலிசாவுக்கு அவள் கட்டினது மெத்தைமேல் ஒரு சின்ன அறைதான். உள்ளே கட்டில், மேஜை, நாற்காலி, குத்துவிளக்கு. நாலே சாமான்! (நம்ம வீட்டுப் பரணைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்.) பிள்ளை மரித்தபோது தாய் அவனைத் தன் அறையில் கிடத்தவில்லை, அந்தக் கட்டிலிலே கிடத்தினாள். தீர்க்கதரிசி கதவைப் பூட்டி ஜெபித்தார். பிள்ளை ஏழுதரம் தும்மி எழுந்தான். அல்லேலூயா!

தூத்துக்குடியில் மூன்று அறையை விட்டு, திருப்பூரிலே ஒரு லைன் வீட்டுக்கு நாங்கள் வந்தபோது இந்த வசனங்கள்தான் எங்களைத் தாங்கினது. ஒரே அறை, அடுப்பும் அதற்குள்ளே. "எங்கேங்க முழங்கால் போடுறது?" என்று என் மனைவி அழுதாள். இப்போ காலை 5 மணிக்குப் பிள்ளைகளின் பாயைச் சுருட்டிவிட்டு அந்த இடத்திலேயே ஜெபிக்கிறோம். அடுத்த சுவர் ஒட்டின வீடு, ஆகவே மெல்லிய சத்தம்தான்.

சூனேமியாளும் ஊர் மாறினவளே. 8-ம் அதிகாரம் வாசியுங்கள். பஞ்சத்தினிமித்தம் 7 வருஷம் பெலிஸ்தர் தேசத்தில் தங்கினாள். திரும்பி வந்து, வீட்டுக்கும் வயலுக்கும் ராஜாவிடம் முறையிடப் போனாள். அவள் போய் நின்ற அந்நேரத்தில், அந்தச் சின்ன அறையில் பிள்ளை உயிர்பெற்ற கதையைத்தான் கேயாசி ராஜாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்!