சும்மா இருப்பவரின் சம்பளம்

கல்யாணச் சமையற்காரரிடம், "முந்நூறு பேர் சாப்பிடுவார்கள்" என்று சொன்னால் அவர் முந்நூறு பேருக்கு மட்டும் அளந்து உலை வைப்பதில்லை. இன்னும் ஐம்பது இலைக்குக் கண்டுதான் அரிசி களைவார். பெண்ணைப் பெற்றவர், "இவ்வளவு எதற்கு, வீண்தானே?" என்று முணுமுணுக்கலாம். ஆனால், கடைசிப் பந்தியில் சோறு இல்லை என்று கைவிரிக்க நேர்ந்தால் தலைகுனிய வேண்டியவரும் அவரேதான். அந்த ஐம்பது இலைச் சோறு மிஞ்சிப்போனால் வீண். தீர்ந்துபோனால் அதுவே மானத்தைக் காத்தது. எது நடக்கும் என்று காலையில் உலை வைக்கும்போது யாராலும் சொல்ல முடியாது.

இப்படி, வேண்டியதற்குமேல் கொஞ்சம் வைத்திருப்பது சிக்கனத்துக்கு விரோதமா, அல்லது நாணயத்தின் ஓர் அங்கமா? இந்தக் கேள்வியை நம் காலத்தில் மிகப் பெரிய அளவில் எழுப்பியிருப்பவை ஆகாய விமானக் கம்பெனிகள். நான் கதை எழுதுகிறவன். கணக்குப் புத்தகம் என் தொழில் அல்ல. ஆனாலும், வாக்குக் கொடுப்பதும் அதைக் காப்பதும் தவறுவதும்தானே கதை எழுதுகிறவனுக்கு என்றுமுள்ள விஷயம்? அந்தப் பாத்தியதையில் இதைப் பற்றிச் சொல்லத் துணிகிறேன்.

2025 டிசம்பர் முதல் வாரத்தில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நம் நாட்டுக்குள் விமானத்தில் போகிறவர்களில் நூற்றுக்கு அறுபது பேருக்குமேல் ஏற்றிச் செல்லும் இண்டிகோ கம்பெனியின் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. டிசம்பர் 3 முதல் 5 வரை மூன்றே நாட்களில் 2,507 விமானங்கள் ரத்தாயின; 1,852 விமானங்கள் தாமதமாயின. மூன்று லட்சம் பேருக்குமேல் ஆங்காங்கே அகப்பட்டுக்கொண்டு தவித்தார்கள். டில்லியிலும் பம்பாயிலும் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் நிலையத் தரையிலே படுத்து உறங்கினார்கள். தங்கள் பெட்டி எங்கே என்று கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டவர்கள் எத்தனையோ பேர்.

புயல் வீசியதா? இல்லை. யுத்தம் மூண்டதா? இல்லை. சில்லறைத் தொழில்நுட்பக் கோளாறு, குளிர்கால அட்டவணை மாற்றம், நெரிசல் என்று கம்பெனி பல காரணங்களைச் சொல்லிற்று. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த காரணம் ஒன்றுதான். விமானங்கள் இருந்தன, பிரயாணிகள் இருந்தார்கள், புதிய விதிப்படி ஓட்டுவதற்குப் போதுமான விமானிகள் இல்லை.

அது என்ன விதி? விமானிகளின் ஓய்வைப் பற்றிய விதி. வாரத்தில் 36 மணி நேரமாக இருந்த கட்டாய ஓய்வை 48 மணி நேரமாக்க வேண்டும். நள்ளிரவுக்குப் பிந்திய வேளைகளில் ஒரு விமானி ஆறு முறை வரை தரையிறக்கலாம் என்றிருந்ததை இரண்டு முறையாகக் குறைக்க வேண்டும். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் இதை 2024 ஜனவரியிலேயே வெளியிட்டது. கம்பெனிகள் ஆட்சேபித்ததால் தள்ளிப்போயிற்று. விஷயம் டில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போய், முடிவில் 2025 ஜூலை 1, நவம்பர் 1 என்று இரண்டு தவணைகளாக அமலுக்கு வந்தது. ஆக, ஏறத்தாழ இருபத்திரண்டு மாத அவகாசம்.

'விமானிக்குத் தூக்கம் வந்தால் என்ன, காப்பி குடித்துக்கொள்ளட்டுமே' என்று நினைக்கிறவர்கள் மங்களூரை நினைத்துப் பார்க்க வேண்டும். 2010 மே 22ஆம் தேதி விடியற்காலையில், துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் குன்றின்மேலுள்ள அந்த ஓடுபாதையைத் தாண்டிச் சரிவில் விழுந்து எரிந்தது. 166 பேரில் எட்டுப் பேர்தான் பிழைத்தார்கள். தவறான இறக்கத்தைக் கைவிட்டு மறுபடி மேலே எழும்பாததுதான் நேர்க் காரணம் என்று விசாரணை மன்றம் கண்டது. அதற்குத் துணை நின்றவற்றுள் ஒன்றாக அது குறிப்பிட்டது, தலைமை விமானி வழியிலே நீண்ட நேரம் தூங்கிவிட்டு, அந்தத் தூக்கத்தின் மந்தம் தெளியாத நிலையில் விமானத்தை இறக்கியதை. ஓய்வு விதி என்பது தொழிலாளிக்குக் காட்டும் சலுகை அல்ல. பின்னால் உட்கார்ந்திருக்கும் நம் உயிருக்குப் போட்ட வேலி.

அப்படியானால் இருபத்திரண்டு மாதங்களில் ஏன் ஆள் சேர்க்கவில்லை? இங்கேதான் இந்தத் தொழிலின் இயல்பைக் கொஞ்சம் அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

மல்லிகைப்பூ விற்கிறவளுக்கு அந்தி சாய்ந்தபின் மிஞ்சிய பூ குப்பைதான். விமானத்தில் காலியாகப் போன இருக்கையும் அப்படியே. அதை நாளைக்கு விற்க முடியாது. செலவிலே மூன்றில் ஒரு பங்கு எரிபொருளுக்குப் போகிறது. அதன் விலையோ உலகச் சந்தையின் கையில். வாடகைக்கு எடுத்த விமானத்துக்குக் கொடுப்பது டாலரில்; பிரயாணியிடம் வாங்குவது ரூபாயில். ரூபாய் சரிந்தால் கம்பெனி முனகும். உலகத்துக் கம்பெனிகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பிரயாணியிடமிருந்து மிஞ்சும் நிகர லாபம் ஏழெட்டு டாலர்தான் என்று சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் 2025இல் கணக்கிட்டது. ஒரு விமானம் தரையில் நிற்கும் ஒவ்வொரு மணியும் நஷ்டம் என்பது இந்தத் தொழிலில் வேதவாக்கு. கிங்ஃபிஷர் 2012இல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019இல் நின்றது. கோ ஃபர்ஸ்ட் 2023இல் நின்றது. செத்துப்போன அண்டை வீட்டாரைப் பார்த்துக்கொண்டே குடித்தனம் நடத்துகிறவர்கள் கையை இறுக்கி வைத்துக்கொள்வதில் ஆச்சரியம் இல்லை.

இப்படி இறுக்கியதன் விளைவு என்ன? காலையில் சென்னையிலிருந்து புறப்படும் விமானமே மத்தியானம் டில்லிக்கும், மாலையில் பம்பாய்க்கும், இரவில் கொச்சிக்கும் போக வேண்டும். முதல் ஊரில் இரண்டு மணி தாமதமானால் கடைசி ஊர் வரை அந்தத் தாமதம் கூடவே போகும். அதற்குள் விமானியின் வேலை நேரம் முடிந்துவிடும். விதிப்படி அவர் இறங்கித்தான் ஆக வேண்டும். மாற்று விமானி இருக்கிறார். ஆனால் அவர் வேறு ஊரில் இருக்கிறார். அவரை ஏற்றிவர வேண்டிய விமானமும் ரத்தாகிவிட்டது! ஒரு நூலை இழுத்தால் முழுத் துணியும் பிரிகிற கதை இது. பஸ் டிரைவரைப் போல ஒருவருக்குப் பதில் இன்னொருவரை உடனே உட்கார வைக்கவும் முடியாது. எந்த ரக விமானத்துக்குப் பயிற்சி பெற்றாரோ அந்த ரகத்தைத்தான் ஒருவர் ஓட்டலாம்.

இந்தச் சிக்கலுக்கு மருந்து புதிதல்ல. 'ஸ்டாண்ட்பை' என்று சொல்வார்கள். சில விமானிகள் அழைப்பு வந்தால் புறப்படுவதற்குத் தயாராக, சும்மா காத்திருப்பார்கள். பெரும்பாலான நாட்களில் அழைப்பு வராது. ஆனால் சம்பளம் உண்டு. லாபக் கணக்குப் பார்க்கிறவருக்கு இந்தச் சும்மா இருப்பவரின் சம்பளம் கண்ணில் விழுந்த துரும்பாக உறுத்தும். "வேலை செய்யாதவனுக்கு ஏன் கூலி?" என்று கேட்பார். கேட்டுக் கேட்டுத்தான் அந்த எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. இண்டிகோ புதிய விமானிகளைச் சேர்ப்பதையே நிறுத்தி வைத்திருந்தது என்று விமானிகள் சங்கம் குற்றம் சாட்டியது. பின்னர் நடந்த சர்க்கார் விசாரணையும், இருப்பதை மிச்சமின்றிக் கசக்கிப் பிழிந்ததையும், புதிய விதிக்குத் தயாராகாததையும் காரணங்களாகக் கூறியது.

வறுமை இதற்குச் சமாதானம் ஆகாது. 2024-25 கணக்கு வருஷத்தில் அந்தக் கம்பெனியின் நிகர லாபம் 7,258 கோடி ரூபாய். கஷ்ட காலத்தில் கற்ற சிக்கனம், செல்வம் வந்தபின் குணமாகவே உறைந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

இது நம் ஊர்க் கம்பெனிக்கு மட்டும் நேர்ந்ததும் அல்ல. 2022 டிசம்பரில் அமெரிக்காவில் பனிப்புயல் அடித்தபோது எல்லாக் கம்பெனிகளும் அடி வாங்கின. ஆனால் மற்றவை சில நாட்களில் எழுந்துவிட, சவுத்வெஸ்ட் என்ற கம்பெனி மட்டும் விழுந்தே கிடந்தது. எந்த விமானி எந்த ஊரில் இருக்கிறார் என்றே அதன் பழைய ஏற்பாடுகளால் கண்டுகொள்ள முடியவில்லை. ஏறத்தாழ 16,900 விமானங்கள் ரத்தாகி, இருபது லட்சம் பேர் கிறிஸ்துமஸ் சமயத்தில் அவதிப்பட்டார்கள். மறுவருஷம் அந்நாட்டுப் போக்குவரத்து இலாகா 14 கோடி டாலர் அபராதம் விதித்தது. புயல் தெய்வச் செயல்தான். அதிலிருந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்ததைத் தெய்வத்தின் தலையில் கட்ட முடியுமா?

சிறு வயதில் நாம் கேட்ட மூன்று மீன்களின் கதை நினைவுக்கு வருகிறது. வருமுன் காப்போன், வந்தபின் காப்போன், எதற்கும் அசையாதவன். கதையிலே முன்யோசனை இல்லாத மீன் தானே வலையில் செத்தது. அதில் ஒரு நியாயம் உண்டு. இன்றைய வியாபாரத்தில், யோசனை இல்லாதவர் வேறு. வலையில் விழுகிறவர் வேறு. அட்டவணை போட்டவர் தம் வீட்டுக் கட்டிலில் தூங்கினார். நிலையத் தரையில் படுத்தவர் டிக்கெட் வாங்கியவர்.

வர்த்தகம் அறிந்த நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "குறைந்த விலை டிக்கெட்டைத் தேடி வாங்குகிறவர்கள் நீங்கள்தானே? நூறு ரூபாய் அதிகமென்றால் அடுத்த கம்பெனிக்குத் தாவுகிறீர்கள். மலிவும் வேண்டும், மிச்சமும் வேண்டும் என்றால் எப்படி?" என்றார்.

பாதி உண்மை. மலிவான டிக்கெட்டை நான் இழித்துச் சொல்ல மாட்டேன். தலைமுறை தலைமுறையாக ஆகாயத்தை அண்ணாந்து பார்க்க மட்டுமே கொடுத்துவைத்த குடும்பங்களிலிருந்து கிழவிகளும் குழந்தைகளும் விமானம் ஏறியது அதனால்தான். ஆனால் மற்றப் பாதியைப் பாருங்கள். கத்தரிக்காய் வாங்கும்போது சொத்தையைக் கண்ணால் காண்கிறோம். டிக்கெட் வாங்கும்போது தெரிவது விலையும் நேரமும் மட்டுமே. எத்தனை விமானிகள் கைவசம் இருக்கிறார்கள் என்பதை எந்த டிக்கெட்டில் அச்சிட்டிருக்கிறார்கள்? கண்ணுக்குத் தெரியாத சரக்கின் தரத்துக்கு வாங்குகிறவனைப் பொறுப்பாளியாக்குவது தர்மம் ஆகாது. விற்கிறவரின் நாணயமும், மேற்பார்க்கும் சர்க்காரின் கண்டிப்பும்தான் அதற்குப் பொறுப்பு.

இனி, என் மனத்தை மிகவும் உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். குழப்பம் முற்றிய டிசம்பர் 5ஆம் தேதி என்ன செய்தார்கள்? அந்தக் கம்பெனிக்கு மட்டும், இரவு வேலையையும் இரவுத் தரையிறக்கத்தையும் பற்றிய கட்டுப்பாடுகளிலிருந்து 2026 பிப்ரவரி 10 வரை விலக்குக் கொடுத்தார்கள். விடுப்பை வார ஓய்வுக்குப் பதிலாகக் கணக்கிடக் கூடாது என்ற விதியை எல்லாக் கம்பெனிகளுக்குமே திரும்பப் பெற்றார்கள்.

சர்க்காரின் சங்கடம் எனக்குப் புரியாமல் இல்லை. லட்சக்கணக்கானவர்கள் நடுவழியில் நிற்கும்போது சட்டப் புத்தகத்தை விரித்துப் படித்துக்கொண்டிருக்க முடியாது. சாவுச் செய்தி கேட்டுப் புறப்பட்டவரிடம் போய் விமானியின் தூக்கத்தைப் பற்றி உபதேசம் செய்ய முடியாது. அன்றைக்கு அந்த இடத்தில் நான் உட்கார்ந்திருந்தாலும் ஒருவேளை அதே காகிதத்தில்தான் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

ஆனால் நடந்தது என்னவென்று பெயர் சொல்லிப் பார்க்க வேண்டாமா? இரவில் தங்களைப் பத்திரமாக இறக்குவதற்காக ஏற்பட்ட விதியை, நிலையத்தில் தவித்த பிரயாணிகளின் கூக்குரலே தளர்த்தும்படி செய்துவிட்டது. அவர்கள் அறியாமலே அவர்களுடைய கண்ணீர் பணயமாக வைக்கப்பட்டது. கம்பெனி அதைத் திட்டமிட்டுச் செய்தது என்று நான் சொல்லவில்லை. அசட்டையே போதும், அதே பலன் கிடைத்துவிடுகிறது. விதியை மதித்து முன்கூட்டியே ஆள் சேர்த்துச் சம்பளம் கொடுத்த மற்றக் கம்பெனிகளுக்கு என்ன கிடைத்தது? ஒன்றும் இல்லை. விலக்கு, தயாராகாதவருக்குத்தான் கிடைத்தது. 2026 ஜனவரியில் 22 கோடியே 20 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தார்கள் என்பது மெய். முன்சொன்ன லாபத்தை 365 நாளுக்கு வகுத்துப் பாருங்கள். ஒரு நாள் லாபத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதல்.

வாக்குத் தவறியவனைக் காட்டிலும், தவற வழிசெய்து வைத்துக்கொண்டு வாக்குக் கொடுத்தவன் குற்றவாளி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எதிர்பாராமல் தவறியவனை மன்னிக்கலாம். நல்ல நாளில் மட்டுமே நிறைவேறக்கூடிய வாக்கை, எல்லா நாளைக்கும் சேர்த்து விலைக்கு விற்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அவன் விற்றது தன் பொருளை மட்டும் அல்ல. நெருக்கடி வந்தால் பறிபோகப் போகிற நம் நேரத்தையும், விமானியின் தூக்கத்தையும் சேர்த்துத்தான் விற்றிருக்கிறான்.

ஆகையால் எங்கேயோ ஓர் ஊரில், சீருடையைத் தேய்த்து மாட்டிவிட்டு, வராத அழைப்புக்காகத் தொலைபேசியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த விமானியின் சம்பளத்தை விரயம் என்று எழுதாமல் இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். நம் டிக்கெட் விலையில் அவருக்கென்று சில ரூபாய் இருக்கட்டும். அதைக் கொடுக்க நாம் முணுமுணுக்கக் கூடாது. கொடுத்தபின், அவர் உண்மையிலே அங்கே உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்க்கச் சர்க்கார் தவறக் கூடாது.