அணைந்த சூளை கேட்கும் கேள்வி

மன்னன் ஒருவன் மடிந்தால் ஆண்டையும் நாளையும் காரணத்தையும் குறித்து வைக்கின்ற வரலாறு, கலை ஒன்று மடிந்தால் 'காலப்போக்கில் நலிந்தது' என்று இரண்டே சொற்களில் முடித்துவிடுகிறது. காலத்தின் மீது பழியைப் போட்டுவிட்டால் மனிதர் எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், ஒரு கலையைச் சாகவிட்ட பொறுப்பு உண்மையில் யாரைச் சாரும்? துருக்கி நாட்டின் இஸ்னிக் நகரைக் கண்டு திரும்பிய நாள் முதலாக இக்கேள்வி நம்மை விட்டு அகலவில்லை.

புர்ஸா மாகாணத்தில், நகரின் பெயரையே தாங்கிய ஓர் ஏரியின் கீழ்க்கரையில், ஜைத்தூன் தோப்புகளுக்கு நடுவே அமைந்திருக்கிறது இஸ்னிக். இன்று அது சிற்றூர்தான். ஆயினும் அதனைச் சுற்றி ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளத்திற்கு நிற்கும் பழைய மதில், அதன் முற்காலப் பெருமையை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. நைசியா என்ற பெயரால் கிறிஸ்தவ உலகம் அறிந்த ஊர் இதுவே. 325ஆம் ஆண்டில் அவர்களுடைய முதற் பெருஞ்சபை இங்கேதான் கூடியது. பதினோராம் நூற்றாண்டில் சல்ஜூக்கியருக்குத் தலைநகராகி, 1097இல் சிலுவைப் படையினரின் முற்றுகைக்குப் பின் மீண்டும் பைசாந்தியர் கைக்குப் போய், 1331இல் உதுமானிய சுல்தான் ஓர்ஹானின் ஆட்சிக்குள் வந்தது. அவர் இங்கே நிறுவிய மதரஸாவையே உதுமானியரின் முதல் மதரஸா என்பர். பேரறிஞர் தாவூத் அல்கைஸரீ அதில் ஆசிரியராக அமர்ந்து பாடம் சொன்னார்.

ஆனால், நாம் தேடிச் சென்றது மதிலையும் அன்று, மதரஸாவையும் அன்று. உலகமெங்கும் புகழ்பெற்ற இஸ்னிக் சித்திர ஓடுகளை அவை பிறந்த மண்ணிலேயே காண விரும்பினோம். அங்கேதான் நமக்கு முதல் ஏமாற்றம் காத்திருந்தது. 1378இல் தொடங்கி 1392இல் முடிக்கப்பட்ட 'யெஷில் ஜாமி' என்னும் பச்சைப் பள்ளிவாசலின் மினாரா, பச்சையும் நீலமுமாய் வெயிலில் மின்னுகிறது. எனினும் அது, இந்நகரின் ஓட்டுக் கலை உச்சத்தைத் தொடுவதற்கு நெடுநாள் முந்தியது. பதினாறாம் நூற்றாண்டின் ஒப்பற்ற ஓடுகளைக் காண வேண்டுமானால் இஸ்தான்புல்லுக்குத்தான் போக வேண்டும். சுலைமானிய்யா, ருஸ்தம் பாஷா, சோகுல்லு மெஹ்மத் பாஷா பள்ளிவாசல்களின் சுவர்களில் அவை பூத்து நிற்கின்றன. 1609இல் தொடங்கிக் கட்டப்பட்ட சுல்தான் அஹ்மத் பள்ளிவாசலில் மட்டும் 20,000க்கு மேற்பட்ட ஓடுகள் உள்ளன. எஞ்சியவை பாரிஸ், லண்டன் அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கின்றன. விளக்கடியில் இருள் என்பார்களே, அது இந்நகருக்குப் பொருந்தும்.

இக்கலையின் அருமையை அறிய, அதன் செய்முறையைச் சிறிது அறிய வேண்டும். சாதாரணக் களிமண்ணால் ஆனவை அல்ல இவ்வோடுகள். படிகக் கல்லை மாவாக அரைத்து, அதனோடு சிறிதளவு வெண்களிமண்ணும் கண்ணாடித் தூளும் சேர்த்துப் பிசைந்து உருவாக்குவார்கள். பிசைவதற்கு முரண்டு பிடிக்கும் இக்கலவை, உலரும்போதும் சுடும்போதும் எளிதில் வெடித்துவிடும். அதன்மேல் தூய வெண்பூச்சு ஒன்றிட்டு, துலிப்பும் ரோஜாவும் கார்னேஷனும் தீட்டி, கண்ணாடி போன்ற மெருகு பூசிச் சூளையில் அடுக்குவார்கள். 1550களில், சுலைமானிய்யா எழுந்த காலத்தை ஒட்டி, பவழம் போன்றதொரு சிவப்பு இவ்வோடுகளில் தோன்றியது. இரும்புச் சத்து மிகுந்த மண்ணைக் கனமாகத் தடவிப் பெற்ற நிறம் அது. விரலால் தடவினால் மேடாகத் தட்டுப்படும். சூளையின் சூடு சற்றே தவறினாலும் சிவப்பு மங்கிப் பழுப்பாகிவிடும்.

இத்தனை அருமையான வேலையைச் செய்த கரங்களுக்குப் பெயர் இல்லை. விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரே தப்பிப் பிழைத்திருக்கின்றனர். பைத்துல் முகத்தஸின் பாறைக் குவிமாடத்தில் தொங்கிய விளக்கு ஒன்று இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1549ஆம் ஆண்டில் அதைச் செய்த முஸ்லீ என்பவர், தம்மை ஏழையென்றும் எளியவனென்றும் குறித்துக்கொண்டு அதன் அடியில் தம் பெயரைப் பொறித்திருக்கிறார். சுல்தான்களின் பெயர்கள் பள்ளிவாசல்களின் வாயில்களில் நிற்கின்றன. முஸ்லீயின் பெயரோ விளக்கின் அடியில், அண்ணாந்து பார்ப்பவர் கண்ணுக்கு மட்டும் தெரியுமாறு நிற்கிறது.

சரி, இக்கலை ஏன் மடிந்தது? உஸ்தாதுகள் தொழில் இரகசியத்தைத் தம்மோடு மண்ணுக்குள் கொண்டுபோய்விட்டார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். நாமும் அப்படித்தான் நம்பியிருந்தோம். சற்றே சிந்தித்தால் அக்கூற்று நிற்காது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தந்தை மகனுக்கும் உஸ்தாது சீடனுக்கும் கற்றுக்கொடுத்துத்தானே அத்தொழில் வளர்ந்தது? கற்றால் வயிறு நிரம்பும் என்றிருந்த வரையில் கற்க ஆள் இருந்தது. வயிறு நிரம்பாது என்றானபோது, சொல்லிக்கொடுக்க வாய் இருந்தும் கேட்கச் செவி இல்லாமற் போயிற்று.

வயிறு ஏன் நிரம்பவில்லை என்பதற்குப் பல காரணங்கள் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் பேரரசின் கருவூலம் தளர்ந்தது. சுல்தான் அஹ்மத் பள்ளிவாசலுக்குப் பிறகு அவ்வளவு பெரிய வேலைகள் அரிதாயின. அனத்தோலியாவில் கலகங்கள் மலிந்தன. இவற்றோடு சேர்ந்த இன்னொன்றே நம் மனத்தை உறுத்துகிறது. அரண்மனைக்குத் தர வேண்டிய ஓடுகளின் விலையை அரண்மனையே நிர்ணயித்தது. 1580களில் அக்சே என்னும் வெள்ளி நாணயத்தின் மதிப்பு வெகுவாகக் குறைக்கப்பட்டது. விறகும் ஈயமும் அரிசியும் விலை ஏறின. ஓட்டின் விலையோ அதற்கு ஈடாக ஏறவில்லை. குயவர்கள் நல்ல விலை தந்த வெளியாருக்கு விற்க முனைந்தனர். அரண்மனை வேலையை முடிக்காமல் பிறருக்கு விற்கலாகாது என்று ஆணைகள் பறந்தன. பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்குச் சென்ற பெரும்பயணி எவ்லியா செலபி, முன்பு 300 பட்டறைகள் இருந்த ஊரில் 9 மட்டுமே எஞ்சியிருந்ததாக எழுதுகிறார்.

அரசன் விலையை நிர்ணயிப்பது தவறா என்று கேட்கலாம். மதீனாவில் விலைவாசி ஏறியபோது விலையை நிர்ணயிக்குமாறு மக்கள் வேண்டினர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், எவருக்கும் அநீதி இழைத்தவராக இறைவனைச் சந்திக்க விரும்பாமல், அதற்கு இணங்கவில்லை என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. பிற்கால ஹனஃபி அறிஞர்களோ, பதுக்கலால் மக்கள் வாடும்போது ஆட்சியாளர் விலையை வரையறுக்கலாம் என்றனர். இரண்டுக்கும் அடியில் ஓடும் கருத்து ஒன்றே: எளியவன் நசுக்கப்படக் கூடாது. ரொட்டிக்கு விலை வைக்கும் அரசன் பசித்தவனுக்காக வைக்கிறான். ஓட்டுக்கு விலை வைத்த அரண்மனையோ, தானே வாங்குபவனாகவும் தானே தீர்ப்பளிப்பவனாகவும் இருந்தது. அங்கே தராசு நேராக நிற்குமா?

'அவர்கள் கட்டியது இறைவனின் இல்லமல்லவா? அதற்காகக் கைவினைஞன் சற்றே குறைவாகப் பெற்றால் என்ன?' என்று சிலர் சொல்லக்கூடும். வலுவான வாதம்தான். ஆனால், ஒருவன் தன் உழைப்பைப் பள்ளிவாசலுக்குத் தானமாகத் தரலாம். அவனுடைய உழைப்பை இன்னொருவன் தானமாக எடுத்துக்கொள்ள முடியாது. மஸ்ஜிதுன் நபவி எழுந்த நிலம் இரண்டு அநாதைச் சிறுவர்களுக்கு உரியதாயிருந்தது. அவர்கள் அதை இலவசமாகவே தர முன்வந்தபோதும், பெருமானார் (ஸல்) அவர்கள் விலை கொடுத்தே பெற்றார்கள் என்பது நாம் சிறு வயதில் மதரஸாவில் கேட்ட செய்தி. மனமுவந்து கொடுத்தவரிடமே இத்தனை பேணுதல் என்றால், கொடுக்க மனமில்லாதவரிடம் எவ்வளவு பேணுதல் வேண்டும்!

விலை குறைந்ததும் தரம் குறைந்தது. வெண்மை அழுக்கேறிற்று; பவழச் சிவப்பு பழுப்பாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டில் சூளைகள் குளிர்ந்துவிட்டன. அதன்பின் ஊரின் நினைவே அழிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள் இப்பாண்டங்களை ரோட்ஸ் தீவில் செய்தவை என்று நம்பினார்கள். 1960களில் நிலத்தைத் தோண்டிச் சூளைகளையும் உடைந்த ஓடுகளையும் கண்ட அகழ்வாய்வு, இவ்வூரின் உரிமைக்கு மண்ணையே சாட்சியாக நிறுத்தியது. 1993இல் இங்கு ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டு, அறிவியலாரின் துணையோடு பழைய கலவையை மீட்கும் பணி தொடங்கிற்று. இன்று தெருவெங்கும் சிறு பட்டறைகள் நடக்கின்றன.

அத்தகைய பட்டறை ஒன்றில்தான் நம் தவறும் நிகழ்ந்தது. துலிப் மலர் தீட்டிய தட்டு ஒன்றை எடுத்து விலை கேட்டோம். அங்கிருந்த அம்மையார் சொன்ன தொகை மிகையாகத் தோன்றவே, பழக்கத்தின்படி பாதிக்குக் கேட்டோம். அவர் கோபிக்கவில்லை. உடன் வந்த நண்பரிடம் துருக்கி மொழியில் ஏதோ சொன்னார். "வாரக்கணக்கில் உலர்த்திச் சுட்ட தட்டாம். இதோடு சூளையில் வைத்தவற்றில் சில வெடித்துப் போயினவாம். அவற்றின் விலையும் இதில் சேர்ந்திருக்கிறதாம்" என்றார் நண்பர். அதுவரை சுல்தான்களின் மீது நாம் மனத்துக்குள் எழுதிக்கொண்டிருந்த குற்றப்பத்திரிகை நம் கையிலேயே நடுங்கியது. வாங்குபவனும் விலை வைப்பவனும் ஒருவனாக இருக்க, நமக்கும் ஒரு நொடி ஆசை பிறந்துவிட்டதல்லவா? கேட்ட விலையைக் கொடுத்து வாங்கிக்கொண்டோம்.

அத்தட்டு இப்போது நம் வீட்டுக் கூடத்துச் சுவரில் இருக்கிறது. பார்க்க வருவோர் அழகை வியந்துவிட்டு, அடுத்ததாக விலையைக் கேட்கிறார்கள். குறைத்துச் சொல்லத் தோன்றுவதில்லை. முழுத் தொகையையும் சொல்லி, வெடித்துப்போன தட்டுகளின் கதையையும் சொல்கிறோம். கேட்பவர்களில் ஒருவராவது, அடுத்த முறை தம் வாசலில் வந்து நிற்கும் கைவினைஞனிடம் வாய் திறக்கும் முன் சற்றுத் தயங்குவார் என்ற நம்பிக்கையே காரணம்.