வேடமும் வினையும்

மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றை ஓதுந்தோறும் உள்ளத்தில் எழுவதோர் ஐயம் உண்டு. பகைவனாகிய முத்தநாதன் திருநீறு பூசிச் சடைமுடி புனைந்து, புத்தகக் கவளியுள் வாளை மறைத்துவந்து குத்தினான். நாயனாரோ, அவனைத் தடிய எழுந்த தத்தனைத் தடுத்து, ஊறின்றி எல்லை கடத்திவிட்டு வருமாறு பணித்தனர். வேடத்தை மதித்த இச்செயல் கொலைஞரைக் காத்தற்கு நெறிவகுத்ததாகாதோ என வினவுவார் உளர். அமெரிக்க நாட்டில் 2017ஆம் ஆண்டு தீர்ப்புற்ற வழக்கொன்று இதனை ஆராய்தற்கு இடந்தருகின்றது.

டெக்ஸாஸ் மாகாணத்து மக்காலன் என்னும் ஊரில் ஐரீன் கார்சா என்றொரு நங்கை இருந்தார், ஆண்டு 25, பள்ளியாசிரியை. 1960 ஏப்ரல் 16, ஈஸ்டர்ப் பெருநாளுக்கு முந்திய பெரிய சனிக்கிழமை. அன்று மாலை பாவசங்கீர்த்தனம் செய்தற்பொருட்டுக் கோயிலுக்குச் சென்றவர் இல்லம் மீண்டிலர். ஐந்து நாட் கழித்து அவருடல் ஒரு வாய்க்காலிற் கிடைத்தது. அங்கு அப்போது குருவாயிருந்த ஜான் ஃபைட், வயது 27, அம்மாது தம்பாற் பாவசங்கீர்த்தனம் செய்ததைத் தாமே ஒப்புக்கொண்டார். வாய்க்கால் நீரை வடித்தபொழுது படங்காணுங் கருவி ஒன்று அகப்பட்டது. அதுவும் தமதே என்றார். அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னர்தான் அண்டையூர்க் கோயிலில் வழிபட்டிருந்த வேறொரு பெண் பின்னின்று தாக்கப்பட்டிருந்தாள். அவ்வழக்கில் அவர் 1962இல் எதிர்வழக்காடாது நிற்க, 500 டாலர் அபராதத்தோடு விடப்பட்டார், சிறையில்லை. கொலைக்கோ வழக்கே தொடுக்கப்படவில்லை.

ஏன்? அவ்வாண்டு கத்தோலிக்கராகிய கென்னடி நாட்டின் தலைமைப் பதவிக்கு நின்ற ஆண்டு. இச்செய்தி பரவின் திருச்சபைக்கும் அவர் வெற்றிக்கும் இழுக்காமே என்று குருமார் அஞ்சினமை அக்காலக் கடிதங்களால் விளங்கிற்று. ஃபைட் வேற்றூர் மடங்களுக்கு அனுப்பப்பட்டார். 1972இல் குருத்துவம் துறந்து இல்லறம் புகுந்தார். அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில் ஏழைகட்கு உதவும் அறச்சங்கமொன்றிற் பல்லாண்டு தொண்டாற்றினார். பிறசமயம் பழித்தற்கு இதனை எழுதுகின்றேமல்லேம். தம் மடத்தின் பெயர் கெடுமென்று தீமையை மூடிவைக்கும் வழக்கம் நம்மவர்பாலும் இல்லையென்று சொல்லும் துணிவு எமக்கில்லை.

நாயனார் பொறுத்தது தம்மேல் விழுந்த வாளை. போக்கியது தம் உயிர். பிறர் மகளைக் கொன்றானை அவர் பொறுத்தாரல்லர். தனக்கு உற்றதைப் பொறுக்கும் உரிமை தனக்கே உண்டு; பிறர்க்கு உற்றதைப் பொறுத்தேன் என்பான், தன்னதல்லாத பொருளைத் தானஞ்செய்தவனாவான். ஐரீனின் உயிருக்கு நேர்ந்ததைப் பொறுத்தற்கு மடத்தலைவர் யார்? காவலர் யார்? பெற்றோரே அதற்கு ஓரளவேனும் உரியர். அவர்களோ தீர்ப்பைக் காணாமலே காலமாயினர். வேடம் மதிக்கப்படுவது அது சுட்டும் பொருளை நோக்கியன்றோ? அவ்வேடத்தை நம்பி அகத்தைத் திறந்துகாட்ட வந்தவளுக்கே அது கண்ணியாயிற்றென்றால், அதன் பெயராற் கொலைஞனைக் காத்தவர் அதற்குச் செய்தது மரியாதையன்று, இரண்டாம் முறை இழிவு.

இனி, பல்லாண்டு அறம் அந்த மறத்தை ஈடுசெய்யாதோ என்பது எளிதில் தள்ளற்பாலதன்று. பசித்தார்க்குச் சோறிட்டது மெய்; அது பயனற்றதென்பாரோடு யாம் உடன்படேம். ஆயினும் வணிகன் வரவினின்று செலவைக் கழிப்பதுபோல நல்வினையினின்று தீவினையைக் கழித்தல் வினைநூற்கு ஒத்ததன்று. இரண்டும் தனித்தனியே நுகரப்படுவன. பீனிக்ஸில் உண்டவர் வாழ்த்தினர். மக்காலனில் ஒரு வீடு இருண்டே கிடந்தது. அவ்வாழ்த்து இவ்விருளைச் சென்று தீண்டவில்லை.

1963இல் மிசூரி மாகாணத்து மடத்தில் ஃபைட்டுக்கு வழிகாட்டியாயிருந்த துறவி ஒருவர், ஒரு பெண்ணைக் கொன்றதாக அவர் வாய்மொழியாலே கேட்டவர். அவரும் பின்னர் மடத்தை விட்டகன்றார். ஏறக்குறைய நாற்பதாண்டு வாய்திறந்திலர். 2002இல் காவலரிடஞ் சென்று கூறினார். காலந்தாழ்த்ததற்கு அவரைக் கடிதல் எளிது. முதுமையில், எவரும் வினவாதிருக்கத் தம் மௌனமே தம்மைச் சுட, தாமே சென்று உரைத்தாரே, அதனை எண்ணி எம் கண்டிப்பைக் குறைத்துக்கொள்கின்றோம். அப்பொழுதும் 2004இல் ஜூரிமார் குற்றஞ்சாட்ட மறுத்தனர். புதிய அரசு வழக்கறிஞர் வந்தபின், 2016 பிப்ரவரியிலேதான் ஃபைட் சிறைபிடிக்கப்பட்டார். 2017 டிசம்பர் 7இல் கொலைக்குற்றம் தெளியப்பட்டது. கழிந்த 57 ஆண்டுகட்கு ஈடாக 57 ஆண்டுச் சிறை வேண்டினர் வழக்குத் தொடுத்தோர். ஜூரிமார் ஆயுட்சிறையே விதித்தனர்.

எண்பத்தைந்து வயதினனைச் சிறையிலிட்டு என் பயன் என்று இரங்குவார்க்குச் சிவஞானசித்தியார் கருத்தொன்று நினைவூட்டத்தக்கது. அரசன் செய்யும் தண்டமும் ஈசன் அருள்வழியே நிகழ்வதென்றும், இங்கே அத்தண்டத்தால் தீர்ந்து நெறிநின்றார்க்கு நிரயமில்லையென்றும் அந்நூல் கொள்ளும். அங்ஙனமாயின் 1960இல் அவரைத் தண்டத்தினின்று தப்புவித்தோர் அவர்க்கு நண்பரல்லர். இருபத்தேழு வயதில் இறக்கியிருக்கக்கூடிய சுமையை எண்பத்தைந்து வரை சுமப்பித்தவராவர். தண்டம் உயிர்க்கு மருந்தாவது, உண்பவன் நோயை ஒப்புக்கொண்டவழி. ஃபைட் மன்றத்தில் தாம் குற்றவாளியல்லர் என்றே நின்றார்; 2020 பிப்ரவரியில், 87ஆம் வயதில், சிறையிருப்பிலேயே இறந்தார்.