பேச்சு வந்தால்தான் பிள்ளையா?

ஐந்து வயதுவரை பேசாத குமரகுருபரர் திருச்செந்தூரில் முருகன் அருளால் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்பது கதை. அதை நம்பி, காது கேளாத பிள்ளையை இடுப்பில் சுமந்துகொண்டு இன்றும் செந்தூர் போகிறவர்கள் உண்டு. நாக்கில் வசம்பு தடவிப் பார்ப்பவர்களும் உண்டு.

இவர்களைப் பார்த்துச் சிரிக்கும் படித்தவர், தம் பிள்ளையை மருத்துவரிடம் கொண்டுபோகிறார். சரிதான். சிறு வயதிலேயே காது கேட்க உதவும் காக்ளியர் கருவி பொருத்த அரசின் காப்பீட்டுத் திட்டமே பணம் தருகிறது. அதுவும் நல்லதே. ஆனால் இருவருடைய வேண்டுதலும் ஒன்று: பேச்சு வந்துவிட வேண்டும். பேசினால்தான் முழு மனிதன் என்கிற மூடநம்பிக்கை சன்னிதியில் இருக்கிற அளவுக்குக் கிளினிக்கிலும் இருக்கிறது. சைகை காட்டினால் பிள்ளை பேசாமலே போய்விடும் என்று எந்த ஆதாரமும் இல்லாமல் மிரட்டுகிறவர்களை என்ன சொல்வது?

ஒரு கேள்வி. வளர்ந்து, வேலை பார்த்து, கல்யாணம் கட்டிக் குடும்பம் நடத்தும் காது கேளாத ஒருவரை இந்த இரு வீட்டாரும் எப்போதாவது கண்டதுண்டா? காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்குமேல் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள். ஆகவே பிள்ளையும் கண்டதில்லை, பெற்றவர்களும் கண்டதில்லை. பெரியவர்களானதும் தங்களுக்குக் காது கேட்கும் என்று நம்பி வளரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தத் தர்க்கத்தில் பிழையே இல்லை. அவர்கள் பார்த்த பெரியவர்கள் எல்லோருக்கும் கேட்கிறதே! சான்றை ஒளித்துவைத்தவர்கள் நாம்தான்.

இந்த ஒளிப்புக்கு வரலாறு உண்டு. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் 1817-இல் காது கேளாதோருக்கான பள்ளி தொடங்கியவர்களில் ஒருவரான லாரன்ட் கிளெர்க் காது கேளாதவர். ஆனால் 1880-இல், காது கேளாதோர் கல்வி பற்றிய மிலான் மாநாட்டில் 164 பேர் கூடி, வகுப்பில் சைகை கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். அவர்களில் காது கேளாதவர் ஒரே ஒருவர். அதன்பின் காது கேளாத ஆசிரியர்கள் பலர் வேலையிழந்தார்கள். அந்தத் தீர்மானத்துக்கு அதே மாநாட்டின் வழிவந்தவர்கள் வான்கூவரில் வருத்தம் தெரிவித்தது 2010-இல்.

ஒளித்ததைத் திரும்பக் காட்டவும் வழி உண்டு. அமெரிக்காவின் யூட்டாவில் காது கேளாத பெரியவர் ஒருவரை வழிகாட்டியாக வீட்டுக்கே அனுப்பும் திட்டம் வைத்தார்கள். அப்படி ஒருவர் வந்தால் குடும்பம் முழுவதும் சைகை கற்கும். கூப்பிட வேண்டுமென்றால் விளக்கை அணைத்துப் போடலாம், முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்காரலாம் என்பதெல்லாம் தெரியவரும். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் சிரிக்கும்போது "அப்புறம் சொல்றேன்" என்று பிள்ளையை ஒதுக்குவது எவ்வளவு பெரிய கொடுமை என்பதும் அவரால்தான் உறைக்கும். அதை அனுபவித்து வளர்ந்தவர் அவர்.

இங்கும் இந்த ஒதுக்கல் புதிதல்ல. பிறவியிலேயே கேளாதவனுக்கும் பேசாதவனுக்கும் சொத்தில் பங்கில்லை என்றது மனு. 1928-இல் சட்டம் அதை ஒழித்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சைகை மொழியையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. சட்டம் இவ்வளவு மாறியும், பிறப்பைப் பார்த்து ஆசானைத் தீர்மானிக்காதே என்று சண்டை போட்ட நாம், காதைப் பார்த்து ஆசானைத் தீர்மானிப்பதை மட்டும் எப்படிப் பொறுத்துக்கொள்கிறோம்?

கருவிக்குப் பணம் கொடுக்கும் அரசு, காது கேளாத பெரியவர்களை மாதச் சம்பளத்துக்கு அமர்த்தி இந்த வீடுகளுக்கு அனுப்பட்டும். சேவை என்று சொல்லி ஓசியில் வேலை வாங்க வேண்டாம்.