வக்காலத்தின் எல்லை

பவர் பத்திரம் என்று இன்று வழங்குவதை நம் முன்னோர் முக்தியார் நாமா என்றனர். ஃபிக்ஹு நூல்கள் அதனை வகாலத் என்னும். வக்கீல், வக்காலத்து என்று நாம் நாள்தோறும் புழங்கும் சொற்கள் அதன் வழி வந்தவையே. ரிஷிவந்தியம் பக்கத்தில் கரும்புக் கொல்லையும் மரவள்ளிக் காடும் உடையவர், அயல்நாடு செல்லும்போதோ முதுமையில் தளரும்போதோ, மகனுக்கோ தம்பிக்கோ இதனை எழுதிக் கொடுப்பதுண்டு. கொடுத்தவர் வபாத்தானபின் அப்பத்திரம் என்னாகும்?

கொடுத்தவரின் மரணத்தோடு அதிகாரம் முடிகிறது என்கிறது, 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவு. நம் இமாம்களும் அவ்வாறே கூறினர். காரணம் எளியது. அதிகாரம் இரவல் தந்த கை. மையித்துக்கு உடைமை ஏது? அடக்கச் செலவும், கடனும், மூன்றிலொன்றுக்கு மேற்படாத வஸிய்யத்தும் போக எஞ்சியது வாரிசுகளுக்குரியது. ஆகவே இறந்தவர் பெயரால் விற்பவன் வஞ்சிப்பது இறந்தவரையன்று; உயிரோடிருக்கும் தாயையும் தங்கையரையும். மனைவி, ஒரு மகன், இரு மகள்கள் என்றால், 'அன்னிஸா' அத்தியாயத்தின் கணக்குப்படி, சொத்து 32 கூறாகும்: தாய்க்கு 4, மகனுக்கு 14, மகள் ஒவ்வொருத்திக்கும் 7. அந்த மகன் பழைய பத்திரத்தைக் காட்டி முழுதும் விற்றால், பிறர்க்குரிய 18 கூறுகளை விற்றவனாகிறான்.

'மரணம் எனக்குத் தெரியாது' என்று அந்நியன் சொல்லலாம். 208ஆம் பிரிவும் அறியாதவனைக் காக்கிறது. சந்தாக்கு தூக்கியவன் அதைச் சொல்ல இயலுமா? தமிழ்நாட்டுப் பதிவு அலுவலகங்களில், கொடுத்தவர் உயிரோடிருப்பதற்குச் சான்று கேட்கும் வழக்கம் வந்தது இதனாலன்றோ! தான் அடக்கிய தந்தையைத் தாளில் உயிர்ப்பிக்கத் துணிபவர்களும் இருக்கிறார்கள்.

'வாப்பாவின் கடனை அடைக்கவே விற்றேன்' என்பாரும் உளர். கடன் பங்குக்கு முந்தியது, மெய்தான். எனினும் எதை விற்பது, என்ன விலைக்கு என்பதை வாரிசுகள் அனைவரும் கூடி முடிவு செய்யவேண்டும். காலாவதியான முகவர் தனித்து முடிவு செய்ய என்ன உரிமை? முகவருக்கே அச்சொத்தில் தனி உரிமை இருப்பின் 202ஆம் பிரிவு விலக்களிக்கிறது. நாளை பங்கு வரும் என்ற மகனின் எதிர்பார்ப்பு அத்தகைய உரிமையன்று. பவர் பத்திரம் தன்னளவில் உடைமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் சூரஜ் லாம்ப் வழக்கில் 2011 அக்டோபர் 11 அன்று தீர்ப்பளித்திருப்பதை வாங்குவோரும் நினைவிற்கொள்ள வேண்டும்.

அதிகாரம் ஒழிந்தாலும் கடமை ஒழிவதில்லை. ஒப்படைத்த பொருளை வாரிசுகளுக்காகக் காக்கவேண்டும் என்பது 209ஆம் பிரிவு. முகவர் கையை 'அமானத்தின் கை' என்று நம் ஃபகீஹுகள் அழைத்ததும் இப்பொருளில்தான்.

'தங்கைகள் ஒன்றும் கேட்கவில்லையே' என்பதுதான் கடைசி வாதம். கேட்டால் தாய்வீட்டு வாசல் அடைபடும் என்றஞ்சி வாய்மூடியிருப்பவள் சம்மதித்தவளாவாளா? நாணத்தால் கொடுக்கவைத்துப் பெறுவதைப் பறிப்பதற்கொப்பாகவே இமாம் கஸ்ஸாலி கருதினார். நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவன்று, உறவினர் சூழ்ந்திருக்க, தலைகவிழ்ந்தவளிடம் வாங்கும் கையெழுத்து எத்தகையது என்பதை ஜமாஅத்தார் அறியாதவரல்லர்.